யார் கையில் கொடுத்தீர்கள்? ஒரு கைமாற்றுக் கடனும் கற்பூர சத்தியமும்

குடியாத்தத்துக்கும் பேரணாம்பட்டுக்கும் நடுவே உள்ள ஒரு கிராமத்தில், 90,000 ரூபாய் கைமாற்றுக் கடனால் வந்த வழக்கு இது. தொகை பெரிதில்லை. சட்டப் புத்தகத்தில் ஏறும் தீர்ப்பும் இல்லை. ஆனால் ‘சாமி பயம் போய்விட்டால் மனுஷன் நேர்மையாக இருப்பானா, சட்டம்தான் நிற்குமா’ என்று மேடைகளில் நடக்கும் வாதத்துக்கு இந்த வழக்குக் கட்டில் நல்ல சரக்கு இருக்கிறது. வாதி தரப்பில் ஆஜரானவன் நான். என் சார்பைக் கொஞ்சம் கழித்துக்கொண்டே படியுங்கள். ஊரையும் பெயர்களையும் விட்டுவிடுகிறேன். அந்த அம்மா, கடைக்காரர், வாத்தியார் என்று மூன்று பேர் போதும்.

அந்த அம்மா பீடி சுற்றுபவர். கணவர் பேரணாம்பட்டில் ஒரு தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவர் இறந்த பிறகு வந்த பி.எஃப். பணத்தில் 90,000 ரூபாயை 2016 தை மாதம் தெருமுனை மளிகைக் கடைக்காரரிடம் கொடுத்தார். கடைக்காரரின் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தது. வட்டி பேசவில்லை, புரோநோட்டு எழுதவில்லை. அக்கா, தம்பி என்று பழகுபவர்கள். போதாக்குறைக்கு அவர் அம்மன் கோயில் திருவிழா வரவு செலவைப் பார்ப்பவர். கோயில் கணக்கில் அவர் மேல் ஒரு பைசா புகார் வந்ததில்லை. ‘அம்மன் துட்டையே பத்திரமா வெச்சிக்கிறவன், என் துட்டையா தின்னப் போறான்’ என்பதுதான் அந்த அம்மா கேட்ட ஒரே ஜாமீன்.

பணம் கைமாறும்போது கூட இருந்தவர் பக்கத்து வீட்டு ஓய்வு பெற்ற வாத்தியார். கருப்புச் சட்டைக்காரர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். அவரைப் புனிதராக்கும் எண்ணம் எனக்கு இல்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவர், ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி நாலு வரி எழுதி வாங்கியிருந்தால் இந்த வழக்கே வந்திருக்காது. கேட்டால் கடைக்காரர் மனசு நோகும் என்று விட்டுவிட்டாராம். அன்று அந்த அம்மா சொன்ன ஒரு வார்த்தை மட்டும் அவருக்கு நன்றாக நினைவிருந்தது: “எது குடுத்தாலும் என் கையில குடு தம்பி. பையன் கையில குடுத்துடாத.” பையன் ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தான். குடி. கடையில் பற்றும் ஏறியிருந்தது.

2016 நவம்பர் 8-ம் தேதி ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவிப்பு வந்தது. கடையில் பழைய நோட்டு கிடந்தது. கடைக்காரர் கடனைத் தீர்க்க வந்தார். “செல்லாத துட்ட வெச்சிக்கினு நான் எந்த பேங்க் வாசல்ல நிக்கறது? தை பொறக்கட்டும், நல்ல துட்டா குடு” என்று அந்த அம்மா அனுப்பிவிட்டார். அதற்கு அடுத்த வாரம் நடந்ததுதான் வழக்கின் உயிர். கடைக்காரர் பையனைக் கூப்பிட்டு 52,000 ரூபாய்க்குப் பழைய நோட்டாக எண்ணிக் கொடுத்தார். மீதி 38,000-ஐ, பையன் கடையில் வைத்திருந்த பாக்கிக்கு வரவு வைத்துப் பற்று நோட்டில் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டார். ஆக 90,000. அவர் மனசில் கடன் தீர்ந்தது.

தை பிறந்தது. பணம் வரவில்லை. கேட்டால் ‘குடுத்தாச்சுக்கா’ என்ற பதில். யாரிடம் என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். பையனைக் கேட்டால் சண்டை. இப்படியே ஒன்றரை வருஷம் போனது. 2018 ஆடியில் ஊர்ப் பெரியவர்கள் கோயில் முன்னால் கூடினார்கள்.

கோயில் வாசலில்

பஞ்சாயத்தில் இரண்டு விஷயம் நடந்தது. முதலில் வாத்தியாரைக் கேட்டார்கள். பணம் கொடுத்ததைப் பார்த்தேன், பையன் கையில் கொடுக்க வேண்டாம் என்று சொன்னதையும் கேட்டேன் என்றார். கற்பூரம் அணைத்துச் சொல்லச் சொன்னார்கள். மாட்டேன் என்றார். “எனக்கு நம்பிக்கை இல்லாத ஒன்னு மேல சத்தியம் பண்ணாத்தான் நான் உங்களை ஏமாத்துறதா ஆகும்” என்று வேறு சொல்லிவிட்டார். அதோடு கோயில் மதிலுக்கு உள்ளே வராமல் வெளியே வேப்பமரத்தடியில் நின்றே பேசியது பலருக்குத் திமிராகப் பட்டது. எனக்கும் அது தேவையில்லாத வீம்பாகத்தான் தெரிகிறது. ‘சாமி இல்லன்றவன் பேச்சுக்கு என்ன மதிப்பு’ என்று ஒருவர் சொல்ல, அவர் சாட்சியம் அத்தோடு முடிந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாத்தியார் உள்ளே போய்ச் சிரித்துக்கொண்டே கற்பூரத்தை அணைத்திருந்தால் அவரை நம்பியிருப்பார்கள். நடிக்கத் தயாராக இருந்தால் நல்ல சாட்சி, நடிக்க மறுத்தால் ஆகாத சாட்சி. இங்கிலாந்தில் நாத்திகரின் சாட்சியத்தைக் கோர்ட்டுகள் ஏற்காமல் இருந்த காலத்தில், 1859-ல் ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் எழுப்பிய ஆட்சேபம் இதேதான்: பொய் சொல்லத் தயங்காத நாத்திகனைக் கூண்டில் ஏற்றிவிட்டு, உண்மையை ஒத்துக்கொள்கிற நாத்திகனை மட்டும் அந்த விதி வெளியே தள்ளுகிறது. வேப்பமரத்தடியில் நின்றவருக்கு அது அப்படியே பொருந்தியது.

அடுத்து கடைக்காரர். குளித்து ஈர வேட்டியோடு வந்தார். பூசாரி வெற்றிலை மேல் கற்பூரம் ஏற்றினார். “நான் வாங்கின துட்ட திருப்பிக் குடுத்தாச்சு. இது அம்மன் மேல சத்தியம்” என்று சொல்லி உள்ளங்கையால் அணைத்தார். ஐம்பது பேருக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட ‘யார் கையில்’ என்று கேட்கவில்லை.

வழக்கப்படி ஒரு மண்டலம் பார்ப்பார்கள். நாற்பத்தெட்டு நாளுக்குள் சத்தியம் பண்ணியவருக்குக் கெடுதல் வந்தால் பொய்ச் சத்தியம். அந்த இடைவெளியில் கடைக்காரரின் பைக் சறுக்கி முழங்கை சிராய்ந்தது. அது அம்மன் கொடுத்த தண்டனையா, லாரி சிந்திவிட்டுப் போன மணலின் வேலையா என்று டீக்கடையில் ஒரு வாரம் வாதம் ஓடியது. சிராய்ப்பு கணக்கில் வராது, எலும்பு முறிந்தால்தான் கணக்கு என்று பெரியவர்கள் முடிவு சொன்னார்கள். மேல்முறையீடு இல்லை.

மண்டலம் முடிந்தும் அந்த அம்மா கோர்ட்டுக்கு வரவில்லை. கற்பூரம் அணைத்த பிறகு கேட்டால் அம்மனையே நம்பாத மாதிரி ஆகிவிடும் என்று பயம். அவர் என் அலுவலகத்துக்கு வாத்தியாரோடு வந்தது மார்கழியில்தான். “அம்மன் எனக்கும் ஒன்னும் சொல்லல, அவருக்கும் ஒன்னும் சொல்லல. அப்ப நான்தான் கேக்கணும்” என்றார். நான் தேதியைப் பார்த்தேன். கைமாற்றுக் கடனுக்குக் காலவரையறைச் சட்டம் கொடுப்பது கொடுத்த நாளிலிருந்து மூன்று வருஷம். தை முடிந்திருந்தால் வழக்கே போட முடியாது. 2019 ஜனவரியில் குடியாத்தம் கோர்ட்டில் தாக்கல் செய்தோம். கோர்ட் கட்டணம் நூற்றுக்கு 3 ரூபாய் வீதம் 2,700. கற்பூரம் பத்து ரூபாய்க்குக் கிடைக்கும். ஊர்க்காரர்கள் கோயிலுக்குப் போவதன் காரணத்தில் பாதி பக்தி என்றால் மீதிப் பாதி இந்த விலை வித்தியாசமும் வருஷக் கணக்கான வாய்தாவும்தான்.

சட்டம் சத்தியத்தை விட்ட கதை

எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்த ஆயுதம் கோயில் சத்தியம். இரு தரப்பும் சம்மதித்துத்தான் சத்தியம் நடந்தது, அதோடு விவகாரம் முடிந்தது, வாதி இனி வாய் திறக்க முடியாது என்றார். இதைச் சிரித்துத் தள்ள முடியாது. நூறு வருஷத்துக்கு முன்னால் இந்த வாதத்துக்குச் சட்டத்திலேயே இடம் இருந்தது.

கம்பெனி காலத்துக் கோர்ட்டுகளில் இந்துவுக்குக் கங்கை நீர், முஸ்லிமுக்குக் குர்ஆன் என்று சத்தியம் வாங்கினார்கள். 1840-ன் 5-வது சட்டம் அதை எடுத்துவிட்டு, எல்லாம் வல்ல கடவுளின் முன்னிலையில் உறுதி கூறினால் போதும் என்றது. கங்கை நீரைத் தொட்டுக் கோர்ட்டில் சத்தியம் செய்வதைக் கௌரவமான இந்துக்கள் பலர் பாவமாக நினைத்ததும் அதற்கு ஒரு காரணம். அதாவது, மதச் சத்தியத்தைக் கோர்ட்டிலிருந்து வெளியேற்றியதில் மத நம்பிக்கைக்கே பங்கு உண்டு. நாத்திகம் பேசுபவர்கள் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

1873-ல் வந்த சத்தியச் சட்டம் ஒரு பக்கக் கதவைத் திறந்து வைத்தது. ஒரு தரப்பு, ‘எதிராளி இன்ன முறையில் சத்தியம் செய்தால் அதற்கு நான் கட்டுப்படுகிறேன்’ என்று முன்வரலாம். எதிராளி சம்மதித்தால் கோர்ட் அந்தச் சத்தியத்தை வாங்கும். கோர்ட்டுக்கு வெளியே வாங்க வேண்டியதென்றால் ஆளை நியமித்து அனுப்பும். செய்து முடித்துவிட்டால், கட்டுப்படுகிறேன் என்றவருக்கு எதிராக அந்த வாக்குமூலம் முடிந்த முடிவு. நீதிபதிக்கு அதற்கு மேல் வேலை இல்லை. சத்தியம் நீதிக்கோ நாகரிகத்துக்கோ விரோதமாக இருக்கக் கூடாது, மூன்றாம் மனிதரைப் பாதிப்பதாகவும் இருக்கக் கூடாது என்று இரண்டு வரம்பு மட்டும் வைத்தார்கள். பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்கிற நம் பழக்கம் அந்த இரண்டாவது வரம்பில் மாட்டிக்கொள்ளும். சட்டம் எழுதிய வெள்ளைக்காரர் இந்த ஊர் அம்மாக்களை நன்றாகவே கவனித்திருக்கிறார்.

1969-ல் வந்த புதிய சட்டம் அந்தப் பக்கக் கதவை மூடிவிட்டது. இப்போது இருப்பது ஒரே வரி: ‘கடவுளின் பெயரால் ஆணையிடுகிறேன்’ அல்லது ‘உளமார உறுதி கூறுகிறேன்’. எதைச் சொல்வது என்பது சாட்சியின் இஷ்டம். சத்தியம் வாங்க மறந்துபோனாலும் அதனால் சாட்சியம் செல்லாமல் போகாது என்று ஏழாவது பிரிவு சொல்கிறது. சினிமாவில் வருகிற மாதிரி பகவத் கீதையை நீட்டுவது எந்தக் கோர்ட்டிலும் கிடையாது. பொய்ச் சாட்சிக்கு ஏழு வருஷம் வரை சிறை என்றது அன்று அமலில் இருந்த தண்டனைச் சட்டம். கடவுள் பெயரைச் சொன்னவருக்கும் உளமார என்றவருக்கும் அதே ஏழு வருஷம்தான்.

சட்டம் கடவுளைக் கேட்காமல் நிற்குமா என்று நம் நாட்டிலேயே ஒரு முறை ஓட்டெடுப்பு நடந்தது. 1949 அக்டோபர் 17 அன்று அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத், அரசியலமைப்பின் முகவுரையைக் ‘கடவுளின் பெயரால்’ என்று தொடங்க வேண்டும் எனத் திருத்தம் கொண்டு வந்தார். ஆதரவு 41, எதிர்ப்பு 68. தோற்றது. எதிர்த்துப் பேசியவர்களில் ஒருவர் திருவிதாங்கூரின் பட்டம் தாணு பிள்ளை. நம்புவதும் நம்பாமல் இருப்பதும் அவரவர் உரிமை, இதைச் சேர்த்தால் நம்பச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதாகும் என்பது அவர் வாதம். கடவுள் வேண்டாம் என்பதற்காக விழுந்த 68 ஓட்டாக அதைப் படிப்பது தவறு. கடவுளைச் சபையின் ஓட்டுக்கு விடுவதே சரியில்லை என்று நினைத்த பக்தர்களும் அங்கே இருந்தார்கள்.

கூண்டில்

வாத்தியார் எங்கள் இரண்டாவது சாட்சி, கோர்ட் பாஷையில் வா.சா.2 (வாதி தரப்புச் சாட்சி 2). இப்போது சிவில் வழக்கில் முதல் விசாரணை எழுத்துப் பூர்வமான பிரமாண வாக்குமூலமாகத்தான் போகும். டைப் அடிக்கும் தம்பி வழக்கமான மாதிரிப் படிவத்தில் ‘கடவுள் மீது சத்தியமாக’ என்று அடித்துக் கொண்டுவந்தார். வாத்தியார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முழுசையும் படித்தார். மூன்று இடத்தில் சந்திப் பிழை திருத்தினார். அப்புறம் அந்த இரண்டு சொல்லையும் பேனாவால் நேர்கோடு போட்டு அடித்து, மேலே ‘உளமார’ என்று எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தார். ‘மறுபடி அடிச்சித் தரேன் சார்’ என்று தம்பி சொன்னதற்கு, ‘அடிச்சது தெரியட்டும்’ என்றார்.

குறுக்கு விசாரணையில் எதிர்பார்த்த கேள்வி வந்தது. “நீங்கள் கடவுள் மறுப்பாளர். பொய் சொன்னால் பாவம் என்ற பயம் உங்களுக்குக் கிடையாது. சரிதானே?” நான் ஆட்சேபித்தேன். இதற்கும் வழக்குக்கும் என்ன சம்பந்தம் என்று நீதிபதி வக்கீலைக் கேட்டார். அதற்குள் வாத்தியாரே பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

“பயம் இருக்கு சார். என்கிட்ட படிச்ச பசங்க நாலு பேரு வராண்டாவுல நிக்கிறாங்க. இந்த அம்மா தினமும் என் வீட்டு வழியாத்தான் தண்ணிக்குப் போறாங்க. கடைக்காரர் கடையிலதான் நான் எண்ணெய் வாங்குறேன். பொய் சொல்லிட்டு நாளைக்கு எந்த வழியா நடக்கறது?”

நான் மனசுக்குள் கைதட்டினேன். கைதட்டல் ஓய்வதற்குள் அடுத்த கேள்வி.

“அந்தப் பணத்தில் ஏதாவது வாதிக்கு வந்ததாக உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும். இருபதாயிரம் வந்திச்சு. பையன் கொண்டாந்து குடுத்தான், கடைக்காரர் குடுத்ததுன்னு சொல்லிக் குடுத்தான்னு இந்த அம்மாவே என்கிட்ட சொன்னாங்க.”

எங்கள் பிராதில், அதாவது வழக்கு மனுவில், 20,000 பற்றி ஒரு வரி இல்லை. முந்தைய வாய்தாவில் அந்த அம்மா கடவுள் பெயரால் ஆணையிட்டுவிட்டு, பையன் கொடுத்தது அவன் சம்பாத்தியம், கடனில் ஒரு பைசா வரவில்லை என்று சொல்லியிருந்தார். வெளியே வந்ததும் கேட்டேன். “பையன் குடுத்த துட்டு பையன் துட்டுதானே சார்” என்றார். அவர் அதைப் பொய் என்று நினைக்கவே இல்லை. நானும் அவரைப் பொய்யர் என்று சொல்ல மாட்டேன். கடைக்காரர் 38,000 ரூபாய்க்குப் போட்ட அதே மாதிரிக் கோட்டை அந்த அம்மா 20,000-க்குப் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

கடைக்காரர் கூண்டில் ஏறியபோது எனக்கு அதிக வேலை இருக்கவில்லை. ஐம்பது பேர் முன்னால் ‘வாங்கின துட்ட திருப்பிக் குடுத்தாச்சு’ என்று சொன்னவர், வாங்கவே இல்லை என்று இனிச் சொல்ல முடியாது. எங்களிடம் துண்டுச் சீட்டுகூட இல்லை. கடன் கொடுத்ததை நிரூபிக்க நாங்கள் பட வேண்டிய பாட்டை அவருடைய சத்தியமே தீர்த்துவிட்டது. கடனை ஒத்துக்கொண்டு, தீர்த்துவிட்டேன் என்று சொன்னால், தீர்த்ததை நிரூபிக்கும் சுமை கடனாளி தலையில் விழும். பற்று நோட்டை அவரே கொண்டுவந்தார். 38,000-க்கு நேராக அந்தக் கோடு தெளிவாக இருந்தது. நோட்டைத் திருத்தியிருக்கலாம், ஒளித்திருக்கலாம். செய்யவில்லை. அந்த மனிதர் பொய்யர் இல்லை என்பதற்கு எனக்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

நான் ஒன்றுதான் கேட்டேன். “சத்தியம் பண்ணும்போது யார் கையில் கொடுத்ததாகச் சொன்னீர்கள்?”

“யாரும் கேக்கல சார்.”

“கேட்டிருந்தால்?”

கொஞ்ச நேரம் கழித்து, “பையன் கையிலன்னுதான் சொல்லியிருப்பேன்” என்றார்.

எதிர்த்தரப்பு வக்கீல் கடைசியாக, அன்று அமலில் இருந்த சாட்சியச் சட்டத்தின் 20-வது பிரிவைப் பிடித்தார். ஒரு தரப்பு ‘இன்னாரைக் கேளுங்கள், அவர் சொல்வது எனக்குச் சம்மதம்’ என்று விட்டுவிட்டால், அவர் சொன்னதே அந்தத் தரப்பின் ஒப்புதலாகும் என்கிற பிரிவு அது. கெட்டிக்கார வாதம். தீர்ப்பில் அதற்குக் கிடைத்த பதில் இன்னும் கெட்டி: அப்படியே வைத்துக்கொண்டாலும், வாதியிடம் கொடுத்தேன் என்று பிரதிவாதி சத்தியத்தில் சொல்லவே இல்லை. மகனிடம் கொடுத்தால் தாயின் கடன் தீராது, அவர் அதிகாரம் கொடுத்திருந்தாலொழிய. மகனின் கடைப் பாக்கியைத் தாயின் பணத்தில் கழிக்க முடியாது. வாதிக்கு வந்து சேர்ந்த 20,000 கழிக்கப்பட வேண்டும். 2021-ல் 70,000 ரூபாய்க்கு, வழக்குப் போட்ட தேதியிலிருந்து 6 சதவீத வட்டியோடு டிகிரி, அதாவது பணத்தைக் கட்டச் சொல்லும் கோர்ட் உத்தரவு, ஆனது. வாத்தியாரின் சாட்சியத்தை நம்பியதற்கு நீதிபதி சொன்ன காரணம், தன்னைக் கூப்பிட்ட தரப்புக்கு எதிரான உண்மையையும் அவர் மறைக்கவில்லை என்பது.

என் கணக்கு

நம்பிக்கை உள்ளவர்களிடம் ஒழுக்கம் இல்லை, நாத்திகரிடம் இருக்கிறது என்று இதை யாராவது சுருக்கினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு ஊரில் ஒரு வாத்தியாரை வைத்து அப்படிப் பேச முடியாது. பொய் சொல்கிற கருப்புச் சட்டைகளையும் கோர்ட் வராண்டாவில் நிறையப் பார்த்தாயிற்று.

எனக்குப் பட்டது வேறு. சாமி பயம் கடைக்காரரிடம் நிஜமாகவே வேலை செய்தது. அவர் வாயிலிருந்து ஒரு சொல் பொய்யாக வரவில்லை. ஆனால் அந்தப் பயம் அவர் சொல்லை மட்டும்தான் காவல் காத்தது. எதிரே நின்ற பெண்ணின் 90,000-ஐக் காக்கவில்லை. அம்மனுக்கு முன்னால் வாக்கியம் சரியாக இருந்தால் போதும் என்ற நிலை வந்ததும், சரியான வாக்கியத்தைத் தேடுவதில் புத்தி போய்விட்டது. ‘பையன் கையில் குடுத்துடாத’ என்று அந்த அம்மா சொன்னது ஒரு மனுஷி வைத்த நிபந்தனை. அதை மீறியதற்கு அம்மனிடம் பதில் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஒருவரிடம் வாங்கியதை அவரிடமே திருப்ப வேண்டும் என்ற எளிய நியாயம் எந்த மதத்திலும் இருக்கிறது, எந்த மதமும் இல்லாமலும் புரிகிறது. அதற்கு அஸ்திவாரம் தேடி மேலே பார்க்க வேண்டியதில்லை. எதிரே நிற்பவரைப் பார்த்தால் போதும். வாத்தியார் கூண்டில் சொன்னதும் கிட்டத்தட்ட அதைத்தான்.

அதே நேரம், கோயில் இந்த வழக்குக்குக் கொடுத்த ஒன்றையும் மறுக்க மாட்டேன். ஐம்பது பேரை ஒரே இடத்தில் நிறுத்தி, ஒரு மனிதரை வாய்விட்டுச் சொல்ல வைத்தது கோயில்தான். அவர் பின்வாங்க முடியாமல் போனது அந்த ஐம்பது ஜோடிக் காதுகளால். கோர்ட் அதை எடுத்துக்கொண்டது புனிதத்துக்காக இல்லை, எல்லோரும் கேட்டார்கள் என்பதற்காக. மதம் ஒழுக்கத்துக்கு அஸ்திவாரமோ இல்லையோ, நல்ல கூட்டம் சேர்க்கும். மதம் வேண்டாம் என்பவர்கள் இந்த இடத்துக்கு மாற்றாக எதை வைக்கிறார்கள் என்று கேட்டால், இன்றுவரை உருப்படியான பதில் கிடைப்பதில்லை. கிராம சபை என்பார்கள். கிராம சபைக்கு அந்த ஊரில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று நான் சொல்ல வேண்டாம்.

இந்த வட ஆற்காட்டு மண்ணுக்கு இந்த வாதம் புதிதும் இல்லை. வேலூர் ஊரீசு கல்லூரியில் படித்துவிட்டுச் சென்னை கிறித்தவக் கல்லூரிக்குப் போன சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், 1908-ல் எம்.ஏ. பட்டத்துக்கு எழுதிய ஆய்வேடே வேதாந்தத்தின் அறநெறி பற்றியது. வேதாந்தத்தில் ஒழுக்கத்துக்கு இடமில்லை என்று மிஷனரிகள் சொல்லிவந்ததற்குப் பதில் அது. வயது இருபது. அந்தச் சண்டையில் எனக்குச் சுவாரசியமாகப் படுவது, ஒழுக்கம் மதத்தின் மேல்தான் நிற்கும் என்பதில் இரண்டு தரப்புக்கும் தகராறே இல்லை. எந்த மதத்தின் மேல் என்பதுதான் தகராறு. வேப்பமரத்தடி ஆளை இரண்டு பேருமே கணக்கில் எடுக்கவில்லை.

மதம் மனிதரை நல்லது செய்யத் தூண்டாது என்று வேலூரில் உட்கார்ந்து யாரும் எழுத முடியாது. திண்டிவனத்தில் ஒரு அமெரிக்க மிஷனரி டாக்டர் வீட்டுக்கு, ஒரே ராத்திரியில் மூன்று வீட்டிலிருந்து பிரசவத்துக்குக் கூப்பிட வந்தார்கள். ஆண் மருத்துவர் தொடக் கூடாது என்று அவர்கள் தன் தகப்பனாரை மறுத்ததையும், மூன்று பெண்களும் இறந்ததையும் பார்த்த அந்த டாக்டரின் மகள் ஐடா ஸ்கடர்தான் மருத்துவம் படித்து வந்து, பின்னாளில் சி.எம்.சி. (கிறித்தவ மருத்துவக் கல்லூரி) ஆன வேலூர் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். அந்த வீடுகளின் கதவை அடைத்தது ஆசாரம். ஆஸ்பத்திரி கட்ட வைத்தது விசுவாசம். வாழ்நாள் முழுக்கக் கடவுள் இல்லை என்று சொன்ன பெரியார் 1973 டிசம்பர் 24 அன்று உயிர் விட்டதும் அதே ஆஸ்பத்திரியில்தான். தூண்டுவது வேறு, தாங்குவது வேறு. ஐடாவைத் தூண்டியது எதுவோ இருக்கட்டும். அங்கே ஒரு டாக்டர் தப்புச் செய்தால் அவரை விசாரிப்பது மருத்துவக் கவுன்சிலும் கோர்ட்டும்.

ஒரு இடத்தில் மட்டும் நம் சட்டம் இன்னும் மதத்தைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது: கல்யாணமும் வாரிசும். நாங்கள் வழக்குப் போட்ட அடுத்த மாதம், 2019 பிப்ரவரியில், அப்போது வேலூர் மாவட்டத்தில் இருந்த திருப்பத்தூரில் வழக்கறிஞர் சினேகா சாதி மதம் அற்றவர் என்ற சான்றிதழை வாங்கினார். ஒன்பது வருஷப் போராட்டம். வாத்தியார் அந்தச் செய்தித்தாளை மடித்துக்கொண்டு வந்து ‘பாத்தீங்களா சார்’ என்றார். பார்த்தேன். ஆனால் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திறந்தால், முஸ்லிம், கிறித்தவர், பார்சி, யூதர் அல்லாதவர் எல்லோரும், வேறு என்று நிரூபிக்காத வரை, அதற்குள்தான் வருகிறார்கள். சான்றிதழ் என்ன சொன்னாலும் வாத்தியார் வீட்டுப் பாகப்பிரிவினைக்கு அந்தச் சட்டத்தைத்தான் புரட்ட வேண்டும். அவருக்கு அது பிடிக்கவில்லை. நாலு நாள் என்னோடு பேசவில்லை.

அந்த அம்மாவுக்கு இதே சட்டம் வேறு விதமாக உறைத்தது. டிகிரி ஆன பிறகு ஒரு நாள், “எனக்கு அப்புறம் இந்தத் துட்டு யாருக்குப் போவும்?” என்று கேட்டார். உயில் இல்லாவிட்டால் மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, மறுவாரமே மகள் பேரில் உயில் எழுதிப் பதிவு செய்தோம்.

கடைக்காரர் அப்பீல் போகவில்லை. டிகிரியை அமல்படுத்தக் கேட்டு நாங்கள் நிறைவேற்று மனு போட்ட பிறகு நான்கு தவணையில் கோர்ட்டில் கட்டினார். கடைசித் தவணை கட்டிய அன்று என்னைப் பார்த்து, “கோர்ட்டுக்கு நான் தோத்துட்டேன் சார், அம்மனுக்குத் தோக்கல” என்றார். அவர் அதை நம்பித்தான் சொன்னார். கோயில் கணக்கை இப்போதும் அவர்தான் பார்க்கிறார். அந்த அம்மா இப்போதும் அவர் கையில்தான் திருவிழா வரி கொடுக்கிறார். மறக்காமல் ரசீது வாங்கிக்கொள்கிறார்.

ஊர்ப் பஞ்சாயத்தில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. கற்பூரம் ஏற்றுவதற்கு முன்னால் யார், யாரிடம், எவ்வளவு, எப்போது என்று ஒரு தாளில் எழுதி, அதைப் படித்துக் காட்டித்தான் சத்தியம் வாங்குகிறார்கள். போன பங்குனியில் ஒரு வரப்புத் தகராறில் வாத்தியாரையும் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். கற்பூரம் கேட்கவில்லை, எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அவர் எழுதிக் கொடுத்தார், இந்த முறை மதிலுக்கு உள்ளே வந்து.